முப்பத்தொரு வட்டங்கள்

ஜூன் 18, திங்கள்

இது பாடக்குறிப்பேடு. போன வருடம் பள்ளியில் மிஞ்சியது. இதில் பாடக்குறிப்பு எழுதப் போவதில்லை. ஒரே ஒரு ஆளைப் பற்றி எழுதப் போகிறேன்.

அவன் பெயர் தனுஷ்கோடிராஜன். எங்கள் ஒன்றியத்தின் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளி பள்ளியாக பைக்கில் வந்து, எங்கள் வகுப்புகளைப் பார்த்து, குறை எழுதிவிட்டுப் போவது அவன் உத்தியோகம். வயது முப்பத்தெட்டு இருக்கும். நான் அறிவியல் ஆசிரியையாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நேரில் 'சார்' என்கிறேன். இந்த நோட்டில் அவன் அவன்தான்.

நடந்தது இது. இப்போது எல்லாப் பாடத்துக்கும் மனவரைபடம் வரைய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாடத்தைப் படித்த பிறகு, தாளின் நடுவில் தலைப்பை எழுதி, தனக்குப் புரிந்ததை எல்லாம் கிளை கிளையாகப் பிள்ளை தானே வரைய வேண்டுமாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதனால் எல்லாப் பள்ளியிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கரும்பலகையில் நானே ஒரு படம் போட்டேன், பிள்ளைகள் பார்த்து வரைந்துகொண்டார்கள். ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். 'வேர்' என்ற பாடத்துக்கு முப்பத்தொரு நோட்டிலும் லட்சணமாக ஒரே படம்.

அவன் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினான். "ஆணிவேர், சல்லிவேர், வேர்த்தூவி எல்லாம் சரிதான் டீச்சர். இந்தப் பேரில்லாத கிளை என்னது? எல்லா நோட்டுலயும் வலது மூலைக்குப் போகுதே?"

எனக்கும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கரும்பலகையைப் பார்த்தோம். அதில் மூன்று வருடமாக ஒரு விரிசல் இருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகளும் அந்த விரிசலையும் கிளை என்று நினைத்து வரைந்து வைத்திருந்தார்கள். முப்பிடாதி என்கிற பெண் அதற்குப் பச்சை வண்ணம் வேறு அடித்திருந்தாள்.

அவன் சிரித்தான். பிள்ளைகள் முன்னால் வைத்தே சிரித்தான். பார்வையாளர் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினான்: "ஆசிரியைக்கு மனவரைபடம் குறித்த அடிப்படைப் புரிதல் இல்லை."

ஜூலை 2, திங்கள்

ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. எண்பது பேர். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அவன் முதலில் சொன்ன கதையே அதுதான். என் பெயரைச் சொல்லவில்லை, நல்லவன். "ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர்" என்றான். ஆனால் சொல்லும்போது என் வரிசையைப் பார்த்தான். எண்பது கழுத்தும் திரும்பியது.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தான். 'மனவரைபடத்தின் பன்னிரண்டு விதிகள்'. தாளைக் குறுக்காக வைக்க வேண்டும். நடுவில் படம் வேண்டும். குறைந்தது மூன்று வண்ணம். ஒரு கிளைக்கு ஒரே ஒரு சொல். கிளை வளைந்திருக்க வேண்டும், நேர்க்கோடு கூடாது. இப்படிப் பன்னிரண்டு. சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன இடத்தில் யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது: "அந்தா போறாவள்லா, அவங்கதான் விரிசல் டீச்சர்."

ஜூலை 5, வியாழன்

இன்றைக்கு வீட்டில் இவரும் சிரித்தார். அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அது நீதானாமே பூரணம்?" என்றார். சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்தேன்.

என் இருபத்திரண்டு வருடப் பேரை ஒரு சிரிப்பில் தின்றுவிட்டான். விட மாட்டேன். அவனை எண்பது பேர் முன்னால் நிற்க வைத்து, மூக்கை உடைத்து, அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் வாங்கிக் கொடுக்காமல் ஓய மாட்டேன்.

எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 7, சனி

அவனை வெட்ட அவன் அரிவாளையே எடுத்தால் என்ன? மனவரைபடம் போட்டு யோசித்தால் எல்லாம் தெளியும் என்கிறானே, அவனை ஒழிக்கும் வழியையே மனவரைபடமாகப் போடுவோம்.

கோவில்பட்டி போய் ஆறு வண்ணப் பேனா வாங்கி வந்தேன். பன்னிரண்டு விதிகளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாளைக் குறுக்காக வைத்தேன். நடுவில் படம் வேண்டுமே, அவன் மீசையை வரைந்தேன். அதற்கே அரை மணி நேரம் போனது. பிறகு ஒரு வளைந்த கிளை. ஒரே சொல்: திமிர். அடுத்த கிளைக்கு என்ன வண்ணம் என்று யோசித்தேன். பச்சையா, ஊதாவா? வளைவு போதுமா? 'கண்டவர் முன்னால் கேவலப்படுத்தினான்' என்று எழுதக் கை போனது. அது மூன்று சொல். ஒரே சொல்லாகச் சுருக்கப் பார்த்தேன், கோபம்தான் சுருங்கியது.

பன்னிரண்டு மணிக்கு இட்லிக்கு ஊறப்போட எழுந்துவிட்டேன். மீசை மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஜூலை 9, திங்கள்

நான்காம் வகுப்பு எடுக்கும் ஜெபக்கனியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. மீசையைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. வாய் ஜாஸ்தி, ஆனால் நல்ல பெண்.

"யக்கா, நீங்க யார் மேலயாவது கோவமா இருக்கும்போது மனசுக்குள்ள வரிசையாவா திட்டுவிய? இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு தாவித் தாவித்தான திட்டுவிய? அத அப்படியே போடுங்க. வண்ணமும் வேண்டாம், வளைவும் வேண்டாம்."

"பன்னிரண்டு விதி இருக்கேடி."

"விதி போட்டது யாரு? நீங்க பழிவாங்கப் போற ஆளு. அவன் போட்ட விதிக்கு ஏன் கட்டுப்படுதிய?"

இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஜூலை 10, செவ்வாய்

பள்ளி விட்டு வந்ததும் நாள்காட்டியில் ஜூன் மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு நீலப் பேனா. நடுவில் அவன் பெயர். அதுவும் நடுவில் சரியாக விழவில்லை, ஓரமாகப் போய்விட்டது. இருக்கட்டும் என்று விட்டேன்.

என்ன சொல்ல! மடை திறந்தது மாதிரி வந்தது. 'எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான்.' 'பைக் கண்ணாடியில் தலை சீவுகிறான்.' 'ஒலிபெருக்கி இல்லாமல் பேசத் தெரியாது.' முழு வாக்கியமாகவே எழுதினேன். இடம் இல்லாத இடத்தில் சரிவாக எழுதினேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு இழுத்தேன். 'ஒலிபெருக்கி' என்பதிலிருந்து 'பெரியவர்களிடம் மட்டுமே பேசுகிறான்' என்று ஒரு கிளை கிளம்பியது. அதிலிருந்து 'பிள்ளைகளிடம்?' என்று ஒன்று. அங்கே பேனா நின்றது. நினைத்துப் பார்க்கிறேன், இந்த இரண்டு வருடத்தில் அவன் ஒரு வகுப்பாவது எடுத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? இல்லை. அடுத்தவர் எடுப்பதைப் பார்த்துக் குறை எழுதத்தான் தெரியும்.

'வகுப்பு எடுக்கத் தெரியாது' என்று எழுதி, அதை மூன்று தடவை வட்டமிட்டேன்.

கீழ்மூலையில் 'முப்பத்தொரு படமும் ஒன்றுபோல் இருந்தது யாரால்?' என்றும் ஒரு கிளை வந்திருந்தது. அது எப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாதது. அடித்துவிட்டேன்.

ஜூலை 17, செவ்வாய்

நாள்காட்டித் தாள் போதவில்லை. மே மாதத் தாளையும் கிழித்து ஒட்டினேன். இவர், "மே மாசம் எங்க?" என்கிறார். முடிந்துபோன மாதம் எதற்கு இவருக்கு?

ஜூலை 19, வியாழன்

இன்று வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். பிள்ளைகளுக்காக இல்லை. விதி இல்லாமல் போட்டால் எனக்கு வந்ததுபோல எல்லாருக்கும் வருமா என்று தெரிய வேண்டும். வந்தால் அவனுடைய பன்னிரண்டு விதியும் வெறும் பம்மாத்து என்பதற்கு அது அத்தாட்சி.

கரும்பலகையில் 'மழை' என்று மட்டும் எழுதினேன். "உங்க இஷ்டத்துக்கு வரைங்க. எப்படி வேணும்னாலும் போடுங்க, தப்பே கிடையாது" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்கள். தப்பே கிடையாது என்று நான் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. மெல்ல ஒருத்தன் ஆரம்பித்தான். பிறகு எல்லாரும்.

முப்பிடாதியின் தாளை எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. மழை. ஒரு கிளை 'ஓடு ஒழுகும்.' ஒரு கிளை 'ஆட்டு நாத்தம்.' ஒரு கிளை 'அம்மாவுக்கு வேல கெடையாது.' அதிலிருந்து 'தீப்பெட்டி ஆபீஸ் லீவு.' அதிலிருந்து 'குச்சி காயாது.' அதிலிருந்து 'வெயில் அடிச்சாலும் காயாது, காத்துலயே தண்ணி இருக்கும்.'

காற்றில் உள்ள ஈரப்பதம் என்று நான் நாற்பது நிமிடம் தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பது. ஒரு பெண் தன் அம்மாவின் வேலையிலிருந்து தானே நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். எனக்கு என்னவோ செய்தது.

அத்தாட்சி கிடைத்தது. அதுதான் முக்கியம்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

தினமும் கடைசிப் பத்து நிமிடம் படம் போடுகிறார்கள். கேட்காமலே போடுகிறார்கள். அந்தோணிமுத்து 'பல்' என்று தலைப்புப் போட்டு, அதில் பாதியை அவன் தாத்தாவின் பொய்ப்பல்லுக்கே ஒதுக்கிவிட்டான். முப்பத்தொரு நோட்டில் எதுவும் எதுபோலவும் இல்லை. திருத்த முடியவில்லை, வாசிக்கத்தான் முடிகிறது. இன்று பேருந்தைத் தவறவிட்டேன்.

தனுஷ்கோடிராஜன் பற்றி இரண்டு வாரமாக ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் பக்கத்து இலையில் இருந்த அம்மா, முன்பின் தெரியாதவள், நான் எந்தப் பள்ளி என்று கேட்டாள். சொன்னேன். "ஐயே, அந்த விரிசல் டீச்சர் உங்க ஸ்கூல்தானா? எங்க நாத்தனா வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா!"

பாயசம் வாங்காமல் எழுந்தேன்.

எல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஜூன் பதினெட்டாம் தேதி எப்படி எரிந்ததோ அதே எரிச்சல். வீட்டுக்கு வந்ததும் தாளை விரித்து, மூன்று வட்டம் போட்ட இடத்துக்குப் போனேன். 'வகுப்பு எடுக்கத் தெரியாது.' நான்காவது வட்டமும் போட்டேன்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. கடவுளாகக் கொடுத்தது.

சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடுத்த மாதம் மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு நடக்க வேண்டும், மற்றப் பள்ளி ஆசிரியர்களும் வந்து பார்ப்பார்கள். அந்த வகுப்பை யார் எடுக்கலாம் என்று போட்டிருக்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் பால்துரை சாருக்குக் காரியம் எதுவும் தன் தலையில் விழாமல் இருந்தால் போதும். அவரிடம் போய், "சார், நம்ம ஸ்கூல்ல வச்சுக்கலாம். ஆனா வகுப்பை நாம எடுத்தா ஏதாவது கொறை வரும். தனுஷ்கோடிராஜன் சாரையே எடுக்கச் சொல்லிட்டா?" என்றேன்.

"நல்ல யோசனையா இருக்கே டீச்சர்! பேர் வந்தா அவருக்கு, போனாலும் அவருக்கு" என்றார்.

என் திட்டம் இதுதான். அவன் வருவான். பன்னிரண்டு விதிப்படி கரும்பலகையில் படம் போடுவான், அவனுக்கு வேறென்ன தெரியும்? என் ஏழாம் வகுப்பு அதை ஒரு கோடு பிசகாமல் அப்படியே பார்த்து வரையும். அதிகாரி நோட்டுகளைத் திறப்பார். முப்பத்தொன்றும் ஒரே படம். எனக்கு நடந்தது அவனுக்கு நடக்கும், ஒலிபெருக்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

நேற்று ஒரு துக்கத்துக்காக விடுப்பு. பார்த்து வைத்த மாதிரி நேற்று அவன் வந்திருக்கிறான்! ஒரு மணி நேரம் என் வகுப்பில் இருந்தானாம்.

"என்னல பண்ணாரு சார்?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

"எல்லா நோட்டையும் பாத்தாரு டீச்சர். தரையில எங்க கூட உக்காந்து பாத்தாரு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சிரிச்சாரு டீச்சர்."

சிரித்தானாம். வேறென்ன தெரியும் அவனுக்கு! முப்பிடாதியின் மழைப் படத்தைத் தன் சட்டைப்பை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வேறு போயிருக்கிறான். ஆதாரம் சேர்க்கிறான். வண்ணம் இல்லை, நேர்க்கோடு, ஒரு கிளைக்கு ஐந்தாறு சொல். பன்னிரண்டில் பத்து விதியாவது அதில் உடைந்திருக்கும். அடுத்த பயிற்சியில் இதையும் கதையாக்குவான். ஆக்கட்டும். அதற்கு முன்னால் நான் முடித்துவிடுவேன்.

பால்துரை சார் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவர் வழக்கமே அதுதான்.

ஆகஸ்ட் 29, புதன்

மாதிரி வகுப்பு செப்டம்பர் பதினொன்று. பால்துரை சார் ஏழாம் வகுப்பு என்றதும், "அந்த வகுப்பா? சந்தோஷமா எடுக்கேன் சார்" என்றானாம் தொலைபேசியில். கொழுப்பைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

நினைத்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றரை மாதமாக இஷ்டத்துக்குப் போட்டவர்கள் இப்போது பார்த்து வரை என்றால் வரைய மாட்டேன் என்கிறார்கள். கரும்பலகையில் 'கண்' என்று ஒரு படம் போட்டேன். ஆறு பேர்தான் அப்படியே வரைந்தார்கள். மற்றவர்கள் என் கிளையிலிருந்து அவர்களுக்குத் தோன்றியதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தோணிமுத்து, "டீச்சர், நீங்க கண்ணுக்குக் கண்ணாடிய விட்டுட்டிய" என்று எனக்கே சேர்த்துக் கொடுக்கிறான்.

"போர்டுல இருக்கறது மட்டும்தான். கூட ஒரு புள்ளி வைக்கக் கூடாது" என்றேன்.

செப்டம்பர் 4, செவ்வாய்

பதினேழு பேர் தேறிவிட்டார்கள்.

செப்டம்பர் 5, புதன்

ஆசிரியர் தினம். மிட்டாய் கொடுத்தார்கள். பயிற்சி நிற்கவில்லை.

செப்டம்பர் 6, வியாழன்

முப்பிடாதி இன்றும் தன் இஷ்டத்துக்கு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவை. நோட்டைப் பிடுங்கினேன். புரட்டினேன். மழைப் படத்திலிருந்து நேற்றுப் போட்டது வரை எல்லாம் இருந்தது. "இதெல்லாம் தப்பு" என்று சொல்லி அந்தத் தாள்களைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் செய்தேன். அவள் அழவில்லை. புதுத்தாளை எடுத்து, கரும்பலகையைப் பார்த்து, அச்சு மாதிரி வரைந்து கொடுத்தாள்.

ஐந்து நாள் கஷ்டம். பிறகு சரிசெய்துகொள்ளலாம். குழந்தைகள் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

செப்டம்பர் 7, வெள்ளி

முப்பத்தொரு பேரும் தயார். சத்தம் இல்லாத வகுப்பு. பார்க்கவே அழகாக இருக்கிறது.

செப்டம்பர் 11, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். சுவரோரம் இருபது ஆசிரியர்கள். ஜெபக்கனியும் நின்றாள். நான் கடைசி ஜன்னல் பக்கம். தனுஷ்கோடிராஜன் புதுச் சட்டை போட்டிருந்தான். அதிகாரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். நெற்றியில் வியர்வை. நான் சரியாகத்தான் கணித்திருந்தேன், பிள்ளைகள் முன்னால் அவனுக்கு நடுக்கம்.

சுண்ணக்கட்டியை எடுத்தான். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'காற்று' என்று எழுதினான். நான் மனதுக்குள் சொன்னேன், இப்போது முதல் கிளை.

அவன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"பிள்ளைகளா, நான் இனி ஒண்ணும் போட மாட்டேன். விதி ஒண்ணும் கிடையாது. உங்க டீச்சர் உங்களை எப்படிப் பழக்கி வச்சிருக்காங்களோ, அப்படி உங்க மனசுல வர்றதைப் போடுங்க. இதை நான் உங்க கிட்டதான் படிச்சேன்" என்றான். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "மேடம், நான் சொன்னேனே, அந்த வகுப்பு. அந்த டீச்சர் இவங்கதான்" என்று என்னைக் காட்டினான்.



முப்பத்தொரு பேரும் குனிந்தார்கள். ஆளுக்கொரு வட்டம் போட்டார்கள். அதற்குள் 'காற்று' என்று எழுதினார்கள். பென்சிலை வைத்தார்கள். கை கட்டிக்கொண்டார்கள்.

ஐந்து நிமிடம் ஆனது. அவன் வரிசைக்குள் நடந்தான். "வெக்கப்படாதீங்க. போடுங்க" என்றான். யாரும் அசையவில்லை. கூட ஒரு புள்ளி வைக்கக் கூடாது. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். முப்பிடாதியின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். "ஏம்மா, மழைக்கு நீ என்னெல்லாம் போட்டிருந்தே! காத்துலயே தண்ணி இருக்கும்னு எழுதியிருந்தியே, அதைப் போடேன்" என்றான்.

அவள் தலையைத் தூக்கினாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். போடலாமா என்று கேட்கிற பார்வை.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவள் போட்டிருப்பாள். அவள் போட்டால் அந்தோணிமுத்து போட்டிருப்பான். எல்லாரும் போட்டிருப்பார்கள். அதிகாரி அம்மா என் தோளில் தட்டியிருப்பார். அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. கூடவே அவனுக்கும் பேர் கிடைக்கும் என்பதும் தெரிந்தது. மூன்று மாதம் வளர்த்த வஞ்சம் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி அம்மா எழுந்து நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். வட்டம். வட்டம். வட்டம். முப்பத்தொரு வட்டங்கள், உள்ளே ஒரே சொல். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"என்ன சார், பெருசா சொன்னீங்களே?" என்றார். நோட்டுக்கட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். இதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன், பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிடம் நன்றாகவே இருந்தது.

வாசலில் பைக்கை எடுக்கும்போது என்னிடம் வந்தான். வந்தார். "மன்னிச்சிருங்க டீச்சர். புது ஆளுங்களப் பாத்துப் பிள்ளைங்க பயந்துட்டாங்க போல. எனக்கு வகுப்பு எடுத்துப் பழக்கம் இல்ல, பேசத் தெரியல. உங்க பேரை நிமித்தி விடணும்னு நெனச்சேன், மறுபடியும் கெடுத்துட்டேன்" என்றார்.

"பரவாயில்ல சார்" என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

ஒன்றியம் முழுக்க அவருக்குப் பெயர் வந்துவிட்டதாம். 'வட்டம் சார்.' ஜெபக்கனிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீங்க நெனச்சது நடந்துட்டுல்லாக்கா" என்றாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

பால்துரை சாரிடம் பார்வையாளர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். ஆகஸ்ட் 27, நான் விடுப்பில் இருந்த நாள். முக்கால் பக்கம். நீல மை.

"முப்பத்தொரு மாணவர்களின் படங்களும் முற்றிலும் வெவ்வேறாக உள்ளன. ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து பாடத்துக்கு வந்து சேர்கிறார். நான் வகுத்துக் கொடுத்த விதிகள் தேவையற்றவை என்பதை இவ்வகுப்பில் உணர்ந்தேன். ஆசிரியை குறித்து ஜூன் 18 அன்று நான் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். பயிற்சிக் கூட்டத்தில் அவரைக் கேலி செய்ததற்கு, அதே ஆசிரியர்கள் முன்னிலையில் பரிகாரம் செய்ய விரும்புகிறேன்."

"ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவருதான் சொல்லாதீங்கன்னாரு டீச்சர். அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் தெரியட்டும்னாரு. நான் ரெண்டு தடவ சொல்ல வந்தேன், நீங்க முகங்குடுக்கலயே."

செப்டம்பர் 15, சனி

தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

அவருக்கு மாற்றல் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 17, திங்கள்

இன்றைக்கு ஏழாம் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. கரும்பலகையில் 'மழை' என்று எழுதினேன். வட்டம்கூடப் போடவில்லை. "இன்னைக்கு உங்க இஷ்டத்துக்கு வரைங்க. தப்பே கிடையாது" என்றேன். ஜூலையில் சொன்ன அதே வார்த்தைகள்தான்.

முப்பத்தொரு பேரும் 'மழை' என்று எழுதிவிட்டுக் கை கட்டிக்கொண்டார்கள்.

"போடுங்கப்பா. நானேதான் சொல்லுதேன்."

அசையவில்லை. அந்தோணிமுத்துவிடம் போனேன். "உங்க தாத்தா பல்லைப் பத்திப் போட்டியே, அது மாதிரிடா" என்றேன். அவன் பயந்துபோய் நோட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

முப்பிடாதியிடம் போனேன். "முன்னாடி மழைக்குப் போட்டியேம்மா. தீப்பெட்டிக் குச்சி காயாதுன்னு."

எழுந்து நின்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். "அது தப்புன்னு நீங்கதான டீச்சர் கிழிச்சிய."

"அது தப்பில்ல. நான்தான் தப்பா கிழிச்சிட்டேன்."

முப்பத்தொரு பேர் முன்னால் சொன்னேன். அவள் கரும்பலகையைப் பார்த்தாள். நான் இன்னும் எதையோ சோதிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு எனக்கு ஒத்தாசை செய்வதுபோலச் சொன்னாள்:

"நீங்க போர்டுல போடுங்க டீச்சர். நாங்க பாத்து வரைஞ்சிருதோம்."

மணி அடிக்கும் வரை சுண்ணக்கட்டியோடு நின்றேன். பென்சில்களைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அவர்களும் காத்திருந்தார்கள்.